கடன் அல்ல, சில்லறை

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் இருக்கிறது திலக் நகர். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. எண்ணைச் சொன்னால்தான் இங்கே பல கட்டடங்களைக் கண்டுபிடிக்க முடியும். இங்கு வளரும் தமிழ்க் குழந்தைக்கு அந்த எண் ஒவ்வொன்றும் நான்கு பெயர்களில் அறிமுகமாகிறது. வீட்டில் இருபத்தேழு. கீழே விளையாடும்போது இந்தியில் சத்தாயீஸ். மராத்தி வகுப்பில் சத்தாவீஸ். ஆங்கில வழிப் பள்ளியின் கணக்கு நோட்டில் ட்வென்ட்டி செவன்.

நான்கும் ஒன்றுதானே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஏழு வயதுக் குழந்தைக்கு அப்படியல்ல. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருபது முன்னால் வருகிறது, ஏழு பின்னால். இந்தியிலும் மராத்தியிலும் ஏழு முன்னால், இருபது பின்னால். காதில் ஏழு முதலில் விழுகிறது, கையோ இரண்டை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. எனவே குழந்தை 72 என்று எழுதி வைக்கிறது. கவனக்குறைவு என்று திட்டு விழுகிறது. உண்மையில் அந்தக் குழந்தை கேட்டதை, கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறது.

ஓரிலக்க எண்களோடு இருக்கும்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது. மூன்றும் நான்கும் ஏழு என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் இரண்டு இலக்கமும் மூன்று இலக்கமும் கொண்ட எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தொடங்கும்போதுதான் விவகாரம் முற்றுகிறது. அங்கே எண் எது என்பதைவிட அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இடம் பிடிபடாத குழந்தைக்குக் கணக்கு என்பது காரணம் தெரியாத கட்டளைகளின் பட்டியல்.

இந்தச் சிக்கல் 2019 ஜூனில் மகாராஷ்டிர சட்டமன்றம் வரை போயிற்று. மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எண்களின் பெயர்கள் மாறியிருந்தன. ஏக்வீஸ் என்ற இருபத்தொன்று 'வீஸ் ஏக்' ஆகியிருந்தது. பஞ்ச்வீஸ் என்ற இருபத்தைந்து 'வீஸ் பாச்' ஆகியிருந்தது. அதாவது பத்துகளை முதலில் சொல்லி, பிறகு ஒன்றுகளைச் சொல்லும் முறை. தமிழ் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான்.

மாற்றத்தின் பின்னால் இருந்தவர் கணிதப் பாடக் குழுவுக்குத் தலைமை வகித்த மங்களா நார்ளிகர். கணித அறிஞர், வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்ளிகரின் மனைவி, மராத்தியில் சிறுவர்களுக்கும் பொதுவாசகர்களுக்கும் கணிதம் பற்றி எழுதியவர். அவருடைய வாதம் எளிமையானது. 93க்கு மராத்தியில் 'த்ர்யாண்ணவ்' என்று பெயர். இப்படிப்பட்ட கூட்டெழுத்துச் சொற்களை உச்சரிக்கவும் எழுதவும் திணறும் குழந்தை, கணக்கு என்றாலே பயப்பட ஆரம்பிக்கிறது. 'நவ்வத் தீன்', அதாவது தொண்ணூறு மூன்று என்றால் எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்றாகிவிடும். தென்னிந்திய மொழிகளும் ஆங்கிலமும் இப்படித்தான் சொல்கின்றன என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். பழைய பெயர்களை ஒழித்துவிடவில்லை, இரண்டும் புத்தகத்தில் இருக்கின்றன என்றும் விளக்கினார்.

மராத்தி எண்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. 29க்குப் பெயர் ஏகோண்தீஸ். 'முப்பதுக்கு ஒன்று குறைவு' என்று பொருள். 39, 49, 59 எல்லாம் இதே வழியில்தான். கூட்டலே பழகாத குழந்தை, எண்ணின் பெயரைப் புரிந்துகொள்ளவே ஒரு கழித்தல் செய்தாக வேண்டும். இந்தியிலும் இதே கதைதான்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. மொழியைச் சிதைக்கிறார்கள் என்றார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த தேவேந்திர பட்னவிஸின் பெயரின் இறுதியில் 'வீஸ்' ஒலிப்பதை வைத்து அஜித் பவார் சட்டமன்றத்தில் கேலி செய்தார். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சந்தையில், பாட்டியின் பேச்சில், பஸ் நம்பரில் பஞ்ச்வீஸ்தான் புழங்குகிறது. பள்ளியில் மட்டும் வேறு பெயர் என்றால் குழந்தைக்கு இரட்டை வேலை. ஆனால் சர்ச்சை மொழிப் பெருமையிலும் நகைச்சுவையிலும் முடிந்தது. குழந்தைகள் கூட்டவும் கழிக்கவும் எப்படிக் கற்கிறார்கள் என்ற மூலக் கேள்வி ஒதுங்கிப்போயிற்று. மங்களா நார்ளிகர் 2023 ஜூலையில் காலமானார்.

இது மகாராஷ்டிரத்துக்கு மட்டும் உரிய பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். நார்வே நாட்டில் ஐந்தும் இருபதும் என்று சொல்லிவந்ததை இருபத்தைந்து என்று மாற்றி அரசே உத்தரவிட்டது. 1951 ஜூலை 1 முதல் அமல். கோரிக்கை வைத்தவர்கள் ஆசிரியர்கள்கூட அல்ல, தொலைபேசித் துறையினர். எண்ணைத் தலைகீழாகக் கேட்டுத் தவறான இணைப்பு கொடுப்பது அவர்களுக்குத் தினசரித் தொல்லை. ஜெர்மன் மொழியில் இன்னமும் ஐந்தும் இருபதும்தான். அங்கே போகும் பள்ளியிலும் இதே சங்கடம் என்பதால், இருபத்தொன்று என்று நேராகச் சொல்லும் முறையையும் ஏற்க வேண்டும் எனப் பிரசாரம் செய்ய 2004-இல் ஒரு சங்கமே தோன்றியது. அதன் பின்னணியில் இருந்தவர் போகும் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் லோத்தர் கெரிட்சென்.

இப்படி நாடுகள் சட்டம் போட்டும் சங்கம் வைத்தும் தேடியதைத் தமிழ்க் குழந்தை செலவில்லாமல் வீட்டிலேயே பெற்றிருக்கிறது. முந்நூற்று நாற்பத்தாறு என்று சொன்னால் மூன்று நூறு, நான்கு பத்து, ஆறு. பெயரே விரிவாக்கம். பதினொன்றிலிருந்து பத்தொன்பது வரையிலும் பத்து முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. செவன்டீன் என்பதில் ஏழு முன்னால் வருவதால் 17ஐ 71 என்று எழுதும் குழந்தைகள் ஆங்கில வழியிலும் உண்டு. தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது தனித் தொல்லை.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால் செம்பூர், மாட்டுங்கா பகுதிகளின் நடுத்தர வர்க்கத் தமிழ் வீடுகள் ஆங்கில வழிக்குப் போய் வெகு காலமாயிற்று. அத்தோடு, வீட்டில் தமிழில் எண் சொன்னால் பள்ளியில் குழம்பும் என்று பயந்து, எண்ணும் பழக்கத்தையே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்ட பெற்றோரும் உண்டு. அரிசியும் பருப்பும் தமிழில், அவற்றின் விலை ஆங்கிலத்தில் என்ற நிலை. இடமதிப்பை விளக்க இருப்பதிலேயே தெளிவான கருவியைப் பரணில் போட்டுவிட்டு, பிறகு டியூஷனுக்குப் பணம் கட்டுகிறோம்.

தமிழிலும் இடறும் இடங்கள் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதும் குழந்தை காதை நம்பித்தான் எழுதுகிறது. முந்நூற்று இருபத்தைந்தை 300205 என்று எழுதுவதும் இந்த ரகமே. சொன்னதைச் சொன்னபடியே எழுதியாயிற்று. தவறு தர்க்கத்தில் இல்லை. ஒரு நூறின் இரண்டு பூஜ்யங்கள் மேல் பத்துகளும் ஒன்றுகளும் வந்து உட்காரும் என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை.

அதைக் காட்டும் வித்தையை இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி எப்போதோ கண்டுபிடித்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர் அவர். அவருடைய முறையில் 300, 20, 5 என்று மூன்று அட்டைகள், மூன்று நீளங்களில் இருக்கும். வலது ஓரத்தைச் சேர்த்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் 325 தெரியும். பிரித்தால் முந்நூறு, இருபது, ஐந்து தனித்தனியே வெளிப்படும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி இதை அரை மணியில் செய்துவிடலாம்.

எண்களின் பெயர் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? போதுமென்றால் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும். 'அசர்' ஆய்வு வேறு சேதி சொல்கிறது. 1995-இல் மும்பையில் தோன்றிய 'பிரதம்' அமைப்பு 2005 முதல் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் ஆய்வு இது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கழித்தல் கணக்கையாவது செய்யத் தெரிந்தவர்கள் நாடு முழுவதும் 2022-இல் 25.9 சதவீதம், 2024-இல் 33.7 சதவீதம். தமிழ்நாட்டில் 2022-இல், பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனா காலத்துக்குப் பிறகு, அது வெறும் 11.2 சதவீதம். அந்த ஆண்டுதான் மாநில அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2024-இல் நிலைமை குறிப்பிடத்தக்க அளவு மீண்டது. ஆனாலும் பாடம் தெளிவு: மொழி வாசலைத் திறந்து வைக்கும், உள்ளே அழைத்துப்போவது ஆசிரியரும் வீடும்தான்.

அசர் கேட்பது பெரிய கணக்கு அல்ல. இரண்டு இலக்க எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழிக்க வேண்டும், நடுவில் ஒரு முறை 'கடன்' வாங்க நேரும், அவ்வளவுதான். உதாரணமாக 52இலிருந்து 27. பெரும்பாலான தவறான விடைகளுக்கு ஒரே முகம்: 35. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது என்பதால் குழந்தை ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. கணக்கு முடிந்தது.

இது மந்தபுத்தியும் அல்ல, கவனமின்மையும் அல்ல. 1978-இல் அமெரிக்காவின் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைகளின் தவறான விடைகளைக் கம்ப்யூட்டர் உதவியுடன் ஆராய்ந்ததில், அவை குருட்டாம்போக்கில் வந்தவை அல்ல என்று தெரிந்தது. குழந்தை தானே ஒரு விதியை உருவாக்கிக்கொண்டு அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறது. 'எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்பது அப்படிப்பட்ட விதிகளில் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். தவறைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவதைவிட, 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்பதில் ஆசிரியருக்கு அதிகம் கிடைக்கும்.

அடுத்த குற்றவாளி ஒரு சொல்: கடன். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்பது தமிழ் வகுப்பறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் வாசகம். இந்தியில் உதார் என்கிறார்கள். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? இங்கே யாரும் திருப்புவதில்லை. கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. அது எப்படி? யாரிடமும் பதில் இல்லை. பக்கத்து வீட்டில் பூஜ்யம் இருந்தால் அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போ என்கிறார்கள். 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் குழந்தை வீடு வீடாக அலைந்து வழி தவறிவிடுகிறது.

லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட புத்தகத்தில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் இந்தக் கழித்தலை எப்படிக் கற்பிப்பீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கடன் வாங்குவதைப் பற்றிப் பேசினார்கள். சீனர்களில் பெரும்பாலோர் மேல் இடத்தில் உள்ள ஒன்றைப் பிரிப்பதைப் பற்றிப் பேசினார்கள். கேட்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் வித்தியாசம் பெரிது. கடன் என்பது வெளியிலிருந்து வருவது. பிரிப்பது, கையில் ஏற்கெனவே இருப்பதையே வேறு வடிவில் வைத்துக்கொள்வது. 52 என்பது ஐந்து பத்தும் இரண்டும். அதையே நான்கு பத்தும் பன்னிரண்டும் என்று சொன்னாலும் அது 52தான்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் இதற்கு அற்புதமான சொல் இருக்கிறது: இனமாற்றம். ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதும், பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றுவதும் இனமாற்றம். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே சொல், ஒரே செயல், திசை மட்டும் எதிர். புத்தகத்தில் இனமாற்றம் என்று அச்சாகியிருக்க, வாய் மட்டும் பழக்கத்தில் கடன் என்றே சொல்கிறது. மராத்தியில் கூட்டும்போது மேலே எடுத்துப்போவதை 'ஹாத்சா' என்பார்கள், கையில் இருப்பது என்று பொருள். நாம் 'கையில் ஒன்று' என்கிறோம். அந்த ஒன்று உண்மையில் பத்து என்பதை இரண்டு மொழிகளும் மறைத்துவிடுகின்றன.

ஏழு வயதுக்கு இனமாற்றம் கொஞ்சம் கனமான சொல்தான். சில்லறை மாற்றுவது என்றால் எந்தக் குழந்தைக்கும் புரியும். நம்முடைய ரூபாய், இதற்கென்றே செய்ததுபோல அமைந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம், பத்து ரூபாய் நோட்டு, நூறு ரூபாய் நோட்டு. இவை மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட வேண்டும். ஆயிரம் ரூபாய் நோட்டு 2016 நவம்பரில் செல்லாததாகிவிட்டது. அதற்கு மட்டும் ஒரு காகிதத்தை வெட்டிக்கொள்ளலாம். உண்மைப் பணத்தைக் கொடுக்கத் தயங்குபவர்கள் எல்லாவற்றுக்கும் காகிதமே வைத்துக்கொள்ளலாம். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாலும் சரி.

346ம் 278ம் எவ்வளவு? ஒருவர் பாங்க், அவரிடம் சில்லறைப் பெட்டி. குழந்தை முதலில் மூன்று நூறு, நான்கு பத்து, ஆறு நாணயம் எடுத்து வைக்கிறது. அதற்குக் கீழே இரண்டு நூறு, ஏழு பத்து, எட்டு நாணயம். நாணயங்களைச் சேர்த்தால் பதினான்கு. பத்தை பாங்கில் கொடுத்து ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்கிக்கொள்கிறது. மிச்சம் நான்கு. இப்போது பத்து ரூபாய் நோட்டுகள் பன்னிரண்டு. அதில் பத்தைக் கொடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டு. மிச்சம் இரண்டு. நூறு ரூபாய் நோட்டுகள் ஆறு. விடை 624. 'கையில் ஒன்று' என்பது எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. குழந்தையே பாங்குக்குப் போய் வாங்கி வந்தது.

இனி 503இலிருந்து 278. கையில் ஐந்து நூறு, பத்து ஒன்றும் இல்லை, மூன்று நாணயம். கொடுக்க வேண்டியது எட்டு நாணயம், ஏழு பத்து, இரண்டு நூறு. மூன்று நாணயத்திலிருந்து எட்டைக் கொடுக்க முடியாது. பத்து ரூபாய் நோட்டும் இல்லை. அப்படியானால் ஒரு நூறை மாற்ற வேண்டியதுதான். பத்துப் பத்து ரூபாய் நோட்டுகள் கிடைக்கின்றன. அதில் ஒன்றை மாற்றினால் பத்து நாணயம். இப்போது நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று நாணயம். மொத்தம் அதே 503தான், ஒரு ரூபாயும் கூடவில்லை, குறையவில்லை. எட்டு நாணயம் போக ஐந்து, ஏழு பத்து போக இரண்டு, இரண்டு நூறு போக இரண்டு. விடை 225. நடுவில் இருந்த பூஜ்யம் ஏன் ஒன்பதாயிற்று என்ற புதிர், பெரியவர்கள் பலருக்கே இன்றும் புரியாத புதிர், நோட்டுக் கற்றையில் தானாக அவிழ்கிறது.

கையில் பல நாள் செய்த பிறகுதான் பேனா. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவுடன் நோட்டில் குறிக்கச் சொன்னால், எண்களை அடித்து மேலே எழுதும் சின்ன எண்களுக்கு அர்த்தம் கிடைக்கிறது. அவசரப்பட்டு நேரே செங்குத்துக் கணக்குக்குத் தாவினால், மிஞ்சுவது விதிகள் மட்டுமே.

வீட்டில் இன்னொரு குழப்பமும் நேரும். சில தாத்தா பாட்டிகள் கற்ற முறையே வேறு. மேலே உள்ள எண்ணில் பத்தைச் சேர்த்து, அதற்கு ஈடாகக் கீழே உள்ள எண்ணின் அடுத்த இடத்தில் ஒன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு எண்களையும் ஒரே அளவு கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பது அதன் சூட்சுமம். விடை சரியாகத்தான் வரும். ஆனால் பள்ளி ஒரு வழியும் பாட்டி ஒரு வழியும் சொன்னால் குழந்தை இரண்டையும் கலந்துவிடும். 1949-இல் அமெரிக்காவில் வில்லியம் பிரவுனல், ஹெரால்ட் மோசர் இருவரும் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காரணத்தோடு கற்றபோது சில்லறை மாற்றும் முறை முன்னால் நின்றது. முறையைவிடக் காரணம் முக்கியம் என்பதே அவர்கள் ஆய்வின் சாரம்.

கடைக்காரர்களிடம் மூன்றாவது வழி இருக்கிறது. அவர்கள் கழிப்பதே இல்லை. 278 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 503 கொடுத்தால், மேல்நோக்கி எண்ணுகிறார்கள். இரண்டு சேர்த்தால் இருநூற்று எண்பது, இருபது சேர்த்தால் முந்நூறு, இருநூறு சேர்த்தால் ஐந்நூறு, இன்னும் மூன்று. இரண்டும் இருபதும் இருநூறும் மூன்றும் 225. கழித்தல் என்பது இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரம் என்ற உண்மை இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. பள்ளி நோட்டில் இதற்கு இடமில்லாமல் இருப்பது நஷ்டம்.

தெருக் கணக்கையும் பள்ளிக் கணக்கையும் பிரிக்கும் சுவர் எவ்வளவு உயரம் என்பதை பிரேசிலின் ரெசீஃபி நகரில் 1985-இல் வெளியான ஆய்வு காட்டியது. தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்கள், கடையில் வைத்துக் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் சகாக்களோடு கல்கத்தா, டெல்லி சந்தைகளில் செய்த ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. சந்தையில் மின்னல் வேகத்தில் கணக்குப் போட்ட குழந்தைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்குப் போகும் குழந்தைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு பக்கமும் திறமை இருக்கிறது, நடுவில் பாலம்தான் இல்லை.

அந்தப் பாலத்தின் ஒரு தூணும் இப்போது ஆட்டம் காண்கிறது. முன்பெல்லாம் குழந்தையின் கையில் நூறு ரூபாயைக் கொடுத்து, பாலும் கொத்தமல்லியும் வாங்கிவந்து மீதியைச் சரியாகக் கொடு என்று அனுப்புவார்கள். திலக் நகரானாலும் திருநெல்வேலியானாலும் இப்போது போனைக் காட்டிப் பணம் கட்டுவது சகஜம். மீதி என்ற ஒன்றே கிடையாது. குழந்தை பார்ப்பது ஒரு 'டிங்' ஓசையை மட்டும். சௌகரியத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் கையில் சில்லறை புரண்டபோது தானாக நடந்த பாடத்தை இனி வேண்டுமென்றே நடத்த வேண்டியிருக்கிறது என்பதை உணர வேண்டும்.

மத்திய அரசு 2021-இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம், மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் அடிப்படை எண்ணறிவு என்ற இலக்கை 2026-27க்கு வைத்தது. மூன்றாம் வகுப்பு என்று குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதன் பிறகு பாடத்திட்டம் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் பின்னங்களுக்கும் ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இடமதிப்பு. அது பிடிபடாத குழந்தையை வகுப்பு காத்திருந்து அழைத்துப்போகாது. கணக்கு வராது என்று தனக்குத்தானே முத்திரை குத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் எட்டு வயதில் ஒரு கழித்தலில் வழி தவறியவர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் போதுமானது. தினமும் பத்து நிமிடம் சில்லறை மாற்றும் ஆட்டம். கணக்குப் போடுமுன் 'சுமாராக எவ்வளவு வரும்?' என்று ஒரு கேள்வி. ஐந்நூறிலிருந்து இருநூற்று எண்பது போனால் இருநூற்று இருபதுக்குப் பக்கத்தில் வரும் என்று சொல்லத் தெரிந்த குழந்தை, 375 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்காது. பள்ளி எந்த மொழியானாலும் எண்ணைத் தமிழில் ஒரு முறை சொல்லச் சொல்லலாம். நோட்டில் ஆங்கிலமே இருக்கட்டும். ஃபைவ் ஹண்ட்ரட் அண்ட் த்ரீ என்று படித்துவிட்டு, ஐந்நூற்று மூன்று என்றும் சொல்லிப் பார்க்கட்டும். மராத்திப் பெயர்களும் வேண்டியவைதான். அந்த ஊரில் வாழும் குழந்தை சத்தாவீஸையும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். சத்தாவீஸ் என்றால் ஏழும் இருபதும் என்று பிரித்துக் காட்ட, இருபத்தேழு கைவசம் இருப்பது கூடுதல் பலம். நான்கு பெயர்கள் குழப்பம் ஆவதும் அனுகூலம் ஆவதும், அவற்றை ஒப்பிட்டுக் காட்ட பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காருகிறாரா என்பதைப் பொறுத்தது.